படமும் ஒரு கண்ணி: ரெங்காவும் இயற்கை ஒளிப்படமும்

குளக்கரையில் எடுத்த ஒளிப்படத்தைக் காட்டி, 'இதைப் பற்றிக் கவிதை எழுதுங்கள்' என்றால் மாணவர்கள் என்ன எழுதுவார்கள் என்பது நமக்குத் தெரியும். கொக்கு இருந்தால் கொக்கு, தாமரை இருந்தால் தாமரை. படம் சொன்னதையே சொற்களும் சொல்லும். இந்தப் பழக்கத்திலிருந்து விடுபட, ஜப்பானியரின் தொடர்கவிதையான ரெங்கா ஒரு வழி தருகிறது.

ரெங்கா ஒருவர் தனித்து எழுதுவதன்று. சிலர் கூடியமர்ந்து மாறி மாறிப் பாடுவது. முதல் கண்ணி 5, 7, 5 என்னும் ஒலியளவில் அமையும். அடுத்தது 7, 7. மீண்டும் 5, 7, 5. (இந்த ஒலியளவு ஓரளவு நம் மாத்திரையைப் போன்றது. தமிழில் எழுத்தெண்ணி எழுத வைத்து மாணவர்களை வருத்த வேண்டாம்.) 1488இல் சோகி, ஷோஹாகு, சோச்சோ ஆகிய மூவரும் சேர்ந்து பாடிய மினாசே தொடரில் 100 கண்ணிகள் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் பாஷோ விரும்பிப் பாடியது 36 கண்ணிகள் கொண்ட வடிவம். தொடரின் முதல் கண்ணிதான் பிற்காலத்தில் தனித்து நின்று ஹைக்கூ ஆயிற்று.

ரெங்காவின் உயிரான விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு கண்ணியும் தனக்கு முந்தியதோடு மட்டுமே சேர வேண்டும். அதற்கும் முந்தியதிலிருந்து விலகிச் செல்ல வேண்டும். அந்தாதியில் முடிந்த சொல்லே அடுத்ததைத் தொடங்கி வைக்கும். ரெங்காவில் இணைப்பு சொல்லில் இல்லை. பாஷோவின் மரபினர் போற்றிய இணைப்புக்கு 'நியோய்' என்று பெயர். மணம் என்று பொருள். முந்தைய கண்ணியின் பொருள் மறைந்து, உணர்வு மட்டும் அடுத்ததில் வீசும்.

இனி, படத்தையும் ஒரு கண்ணியாகவே கொள்ளுங்கள். படத்திற்கு விளக்கம் வேண்டாம், பதில் வேண்டும்.

முதல் மாணவர் வற்றிய குளத்தின் வெடிப்புகளைப் படமெடுக்கிறார். இரண்டாமவர் எழுதுகிறார்:

பாட்டியின் உள்ளங்கை
அரிசி களைந்த ஈரம்

வெடிப்பு, கைரேகையாயிற்று, குளம் என்ற சொல்லே இல்லை. மூன்றாமவர் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு, பனித்துளி நிற்கும் தும்பைப் பூவைப் படமெடுக்கிறார். அதில் வறட்சி இல்லை. நான்காமவர்:

கரும்பலகையில்
அழிக்காமல் விட்ட
ஒற்றை வெண்புள்ளி

இங்கே குளமும் இல்லை, பாட்டியும் இல்லை. கதையாக வளர்க்க முயலும் குழுக்கள்தான் பெரும்பாலும் தடுமாறும்.

படமும் பாட்டும் இப்படி விலகி நின்று பேசுவது ஜப்பானில் புதிதல்ல. ஓவியமும் ஹைக்கூவும் இணைந்த ஹைகாவில், பாட்டில் வராத பொருளை ஓவியம் தீட்டுவதுண்டு. கவிஞரும் ஓவியருமான பூசோன் (1716–1784) இதில் பெயர் பெற்றவர்.

வகுப்பில் நால்வர் கொண்ட குழு, பன்னிரண்டு கண்ணிகள், ஆசிரியரின் கைப்பேசி ஒன்று போதும். தொடக்க வகுப்பில் வாய்மொழியாகவே செய்யலாம். ஒரு நிபந்தனை மட்டும்: முன்கூட்டியே எழுதி வைக்கக் கூடாது. நன்றாக எழுதும் மாணவருக்கு இதுவே கடினம். தன் சிறந்த வரியை ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் இருப்பவர் கொடுத்ததைப் பார்க்க வேண்டும். ரெங்கா அவைகளில் கண்ணியை ஏற்கவும் திருப்பி அனுப்பவும் ஒரு தலைவர் இருப்பார். அந்த இடம் ஆசிரியருடையது. திருப்பும்போது 'சரியில்லை' என்று சொல்லாமல், 'இது எதோடு சேர்கிறது? எதிலிருந்து விலகுகிறது?' என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். சில சமயம் மாணவர் சொல்லும் பதிலே அடுத்த கண்ணியாக அமைந்துவிடும்.