கடலோரக் கிணறுகளில் உப்பு நீர் புகுதல்

ஏரி வறண்டு கால்வாய் ஓய்ந்த பின்னும் கோடையில் பயிரைக் காப்பது கிணற்று நீரே. இந்நீர் பூமிக்குள் தானே உண்டாவதன்று. பெய்யும் மழையில் ஒரு பகுதி மணல் வழியாகவும் பாறை வெடிப்புகள் வழியாகவும் கீழிறங்கித் தங்குவதே நிலத்தடி நீராகும். ஆகவே இதுவும் வரவு செலவுள்ள ஒரு கணக்கே. ஆண்டுதோறும் வரவுக்கு மிஞ்சிச் செலவிட்டால் முதல் கரைந்துபோம்.

உள்நாட்டுக் கிணறு வற்றினால் அடுத்த நல்ல மழையில் மீண்டும் ஊறுவதுண்டு. கடலோரக் கிணற்றின் கதி அத்தன்மையதன்று. அதில் நீர் வற்றாமலே உவராகிவிடக் கூடும்.

இதன் காரணம் வருமாறு: கடல் நீர் நல்ல நீரினும் நூற்றுக்கு ஏறக்குறைய 2½ பங்கு கனமானது. ஆதலால் கடலோர மணற்பூமியில் நல்ல நீர் உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்குமேல் நல்ல நீர் 1 அடி உயர்ந்திருப்பின், அம்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல நீர் இருக்கும். ஹாலந்து தேசத்துக் கைபனும், 1901-ல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க்கும் எடுத்துரைத்த விதி இது. இறைப்பினால் மேல்மட்டம் 1 அடி தாழ்ந்து அவ்வாறே நிலைத்துவிட்டால், கீழேயுள்ள உப்பு நீர் நாளடைவில் 40 அடி மேலேறும் என்பது இதனால் விளங்கும்.

சென்னைக்கு வடக்கே, ஆரணியாற்றுக்கும் கொசஸ்தலையாற்றுக்கும் இடைப்பட்ட மீஞ்சூர்ப் பகுதி இதற்குத் தக்க சான்றாகும். அங்குள்ள மணற்படுகை நீர்வளம் மிக்கது. வயல்களுக்கு இறைத்தது போக, நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஆழ்குழாய்க் கிணறுகள் மூலம் பெருமளவில் நீர் எடுக்கப்பட்டது. 1969-ல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே வந்திருந்த உப்பு நீர், 1983-க்குள் இன்னும் வெகுதூரம் புகுந்துவிட்டது. அதே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், 2010-ல், கடல் நீரை நாள்தோறும் 10 கோடி லிட்டர் குடிநீராக்கும் ஆலை ஒன்று இயங்கத் தொடங்கிற்று. மழை இலவசமாய் அளித்ததை இழந்தபின் யந்திரத்தைக் கொண்டு அதிக செலவில் பெற வேண்டியதாகின்றது.

உவர்நீர் பாய்ந்த நிலத்தில் விதை சரிவர முளைப்பதில்லை. இலைகளின் நுனி கருகும். நீரிலுள்ள சோடியம் களிமண்ணின் கட்டுக்கோப்பைக் குலைப்பதால், நிலம் நனைந்தால் சேறாகியும் காய்ந்தால் இறுகியும் போகும். ஒரு முறை உவரேறிய படுகையைக் கழுவி வெளியேற்றப் பல்லாண்டு மழை வேண்டும்.

ஆகையால் வருமுன் காத்தலே உசிதமானது. நிலச் சொந்தக்காரரும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டியவை:

1. ஏரி வரத்துக் கால்வாய்களை ஐப்பசி மழைக்கு முன்னரே தூர் வாரி, ஆக்கிரமிப்பின்றி வைத்தல் வேண்டும். ஏரியில் நிற்கும் நீரே சுற்றுக் கிணறுகளுக்கு ஊற்றாகும்.

2. ஆற்று மணலை வரம்பின்றி அள்ளவிடலாகாது. மணல் போனால் வெள்ளத்தைத் தேக்கிக் கீழே இறக்கும் பஞ்சு போன்ற படுகையும் போய்விடும்.

3. கரையோரக் கிணறுகளை மேலும் ஆழப்படுத்துதல் உப்பு நீரை அணுகுவதேயாகும். இடைவிட்டுச் சிறிது சிறிதாக இறைத்தல் நலம்.

4. கோடையில் நெல்லுக்குப் பதிலாகக் குறைந்த நீரில் விளையும் கேழ்வரகு, பயறு முதலியவற்றைப் பயிரிடலாம்.

5. நாக்கில் கரிப்புத் தெரியும்வரை காத்திருத்தல் தவறு. மழைக்கு முன்னும் பின்னும் கிணற்று மட்டத்தை அளந்து குறித்துக்கொண்டு, சிறிது நேரம் இறைத்தபின் சுத்தமான புட்டியில் நீர் பிடித்து, மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புதல் வேண்டும்.

ஒருவர் மாத்திரம் சிக்கனமாயிருந்து பயனில்லை. கிணறுகள் தனித்தனியே ஆயினும் அடியிலுள்ள நீர் ஒன்றே. ஆதலின் கிராமத்தார் யாவரும் கூடி ஓர் ஏற்பாட்டுக்கு வருதல் இன்றியமையாததாகும்.