மிச்சமில்லாமல் பங்கு போகும் எண்

67,46,32,83,88,800. படிக்கச் சிரமமாக இருக்கிறதா நண்பர்களே? ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு! கம்ப்யூட்டர் இல்லாத 1915-ல், லண்டன் கணிதக் கழக இதழில் நம் ராமானுஜன் வெளியிட்ட பட்டியலின் கடைசி எண் இதுதான்.

என்ன பட்டியல் அது? எங்கள் நல்லவாட்டுக் கணக்கில் சொல்கிறேன். பத்துக் கூடை மீனை மூணு பேருக்குப் பிரித்தால் ஒரு கூடை மிஞ்சும், சண்டையே அதுக்குத்தான். பன்னிரண்டு கூடை என்றால் ரெண்டு, மூணு, நாலு, ஆறு பேர் யார் வந்தாலும் மிச்சமில்லாமல் போகும். 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுத்திகள். அதைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் உள்ள எண்ணை ராமானுஜன் 'ஹைலி காம்போசிட்' என்றார். தமிழில் மிகுபகு எண் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 டிகிரி, ரெண்டும் இந்த ஜாதிதான்.

அந்தப் பெரிய எண்ணுக்கு எத்தனை வகுத்திகள்? ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க ஆயுசு போதாது. பகா எண்களாகப் பிரித்தால் போதும். 12 என்பது 2×2×3. வகுத்தி அமைக்கும்போது 2-ஐ விட்டுவிடலாம், ஒரு தடவை எடுக்கலாம், ரெண்டு தடவை எடுக்கலாம். ஆக மூணு வழி. 3-க்கு ரெண்டு வழி. 3×2=6. நம் எண்ணில் 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5-ம் 7-ம் ரெண்டு ரெண்டு தடவை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவை. எல்லாவற்றோடும் ஒன்று கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2×2 = 10,080 வகுத்திகள்!

6, 4, 2, 2, 1... என்று தடவைகள் ஏறவே இல்லை, கவனித்தீர்களா? 2-ஐ நாலு தடவையும் 3-ஐ ஆறு தடவையும் என்று மாற்றிப் போட்டால் வகுத்திகள் அதே 10,080தான். எண் மட்டும் பெரிசாகிவிடும். அப்புறம் அது மிகுபகு எண் இல்லை. கடைசிப் பகா எண் ஒரே தடவைதான் வரும், 4-ம் 36-ம் மட்டும் விதிவிலக்கு என்றும் ராமானுஜன் நிறுவிக் காட்டினார்.

எஃப்.ஏ. தேர்வில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தேறாமல் போனவர் அவர். (அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க!) 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது இந்த ஆராய்ச்சிக்காகத்தான். அப்போது கழகத்துக்குப் பணமுடை என்பதால் அச்சாகாமல் நின்ற மீதிப் பகுதி, 1997-ல்தான் வெளிவந்தது.

பட்டியலில் மொத்தம் 102 எண்கள். இனிமேல்தான் வேடிக்கை. கடைசி எண்ணிலிருந்து 23 என்ற காரணியை மட்டும் எடுத்துவிடுங்கள். 2,93,31,86,25,600 வரும். அதுக்கு 5,040 வகுத்திகள். அதுவும் மிகுபகு எண்ணேதான். ஆனால் பட்டியலில் அது இல்லை! அத்தனையும் எழுதியவர் கையில் அந்த ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது.