மாயாற்றங்கரைப் புலிகள்

பண்ணாரி அம்மன் கோயிலைத் தாண்டினால் திம்பம் மலைப்பாதை. 27 கொண்டை ஊசி வளைவுகள். இந்தச் சாலையின் இருபுறமும் விரியும் காட்டின் பெயரைச் சொன்னால் ஒரு காலத்தில் சந்தனக் கடத்தல் வீரப்பன்தான் நினைவுக்கு வருவார். இன்று நினைவுக்கு வருவது புலி.

2008-இல் சரணாலயமாகவும் 2013-இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் காடு, சுமார் 1,400 சதுர கிலோமீட்டர் பரப்பு கொண்டது. 2010-க்குப் பிறகு புலிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியதற்காக 2022-இல் நேபாளத்தின் பர்தியா தேசியப் பூங்காவுடன் சேர்ந்து ‘டிஎக்ஸ்2’ சர்வதேச விருதைப் பெற்றது.

காரணம் எளிது: இரையும் நீரும் மறைவிடமும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. இங்குள்ள மாயாற்றுப் பள்ளத்தாக்கில் புள்ளிமானும் வெளிமானும் மேய்கின்றன. மேட்டுக்காடுகளில் கடமானும் காட்டெருமையும் உண்டு.

புலி ஓடித் துரத்தும் விலங்கல்ல, பதுங்கிப் பாயும் விலங்கு. புதர் மறைவில் அடிமேல் அடி வைத்து இரையை நெருங்கி, கடைசிச் சில மீட்டர்களில்தான் பாயும். பெரிய இரையென்றால் குரல்வளையைக் கவ்வி, மூச்சடங்கும்வரை விடாது. பிறகு மறைவிடத்துக்கு இழுத்துச் சென்று, பெரும்பாலும் பின்தொடையிலிருந்து தின்னத் தொடங்கும். மிச்சத்தைச் சருகால் மூடிவிட்டு, நாலைந்து நாள் அருகிலேயே தங்கும். ஆனால் பெரும்பாலான பாய்ச்சல்கள் வீணாகவே போகின்றன. அதனால்தான் ஒரு புலி வாழ நிறைய மான்கள் வேண்டும்.

ஒவ்வொரு புலிக்கும் தனி எல்லை உண்டு. வாலைத் தூக்கி மரங்களில் நீரைப் பீய்ச்சியும் பட்டையைக் கீறியும் அதை அறிவிக்கும். ஓர் ஆண் புலியின் எல்லைக்குள் பல பெண் புலிகளின் எல்லைகள் அடங்கும். உடல் வரிகள் கைரேகைபோல ஒவ்வொன்றுக்கும் வேறு. இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட ஒத்திருக்காது. எனவே கணக்கெடுப்பின்போது தானியங்கிக் கேமராக்களைப் பாதையின் இருபுறமும் எதிரெதிரே பொருத்துகிறார்கள்.

கருவுற்ற மூன்றரை மாதத்தில் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு குட்டிகள் பிறக்கும். கண் திறக்காத குட்டிகளை, ஆபத்தென்றால் தாய் வாயில் கவ்வி இடம் மாற்றும். ஏறக்குறைய இரண்டு வயதில் அவை பிரிகின்றன. மகள் பெரும்பாலும் தாயின் எல்லையை ஒட்டியே தங்கும்; மகன் புதிய இடம் தேடித் தொலைதூரம் போக வேண்டும்.

அந்த இளம் ஆண் புலிக்குத்தான் சத்தியமங்கலத்தின் இருப்பிடம் வரம். முதுமலை, பந்திப்பூர், பிலிகிரிரங்கன் மலை எனக் காடுகள் தொடர்ச்சியாக இணையும் சந்தி இது. இந்தத் தொடர்ச்சி அறுந்தால் அந்தப் புலியின் அடுத்த அடி காட்டை ஒட்டிய தாளவாடி விளைநிலங்களில்தான் விழும். காட்டின் நடுவே செல்லும் திம்பம் சாலையும் அந்தத் தொடர்ச்சிக்கு ஒரு சிக்கல்; அதில் இரவுப் போக்குவரத்துக்கான கட்டுப்பாடு 2022 பிப்ரவரியில் நீதிமன்ற உத்தரவால் நடைமுறைக்கு வந்தது. அடுத்த சிக்கல், மான்கள் மேயும் புல்லை அழித்துப் பரவும் உண்ணிச்செடியும் சீமைக் கருவேலமும். இவற்றை வேரோடு அகற்றினாலும் மறுபடி முளைக்கும். அங்கே புல் மீண்டும் வேரூன்றும்வரை அந்த வேலை ஆண்டுதோறும் நடக்க வேண்டும்.