பெல்லட் அடுப்பு வாங்குவோர் கவனத்திற்கு

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் மணிலா பயிரிடுவோர் பலர். 100 கிலோ காயை உடைத்தால் 30 கிலோ வரை தோல் மிஞ்சும். இத்தகைய தோலையும் மரத்தூளையும் பொடித்து, இயந்திரத்தில் இறுக்கிச் செய்யும் சிறு குச்சிகளே பெல்லட் என்னும் எரிபொருளாம்.

இதற்கென அமைந்த அடுப்பில் சிறு மின்விசிறி உண்டு. கீழே புகும் காற்று குச்சியை வாயுவாக்கும். மேல் துவாரங்களில் வரும் காற்று அவ்வாயுவை எரித்துவிடும். ஆதலின் புகை மிகக் குறைவு. அடுக்களையில் கண் கலங்க உழலும் பெண்மக்களுக்கு இது சிறிய உபகாரமன்று.

ஆயினும் பளபளப்பைக் கண்டு பணத்தை நீட்டலாகாது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் உதவியால் உருவான ‘ஊர்ஜா’ அடுப்பு 2006-ல் தமிழ்நாட்டிலும் விற்பனைக்கு வந்து, வெளி மாநிலங்களிலும் சேர்த்து இலட்சக்கணக்கான வீடுகளை அடைந்தது. பின்னர்க் குச்சியின் விலை ஏறிற்று, கிடைப்பதும் அரிதாயிற்று. பழுதில்லாத அடுப்புகள் பரணேறின.

ஆகவே, குச்சி எவரிடம் கிடைக்கும், மழைக்காலத்திலும் வருமா, கிலோ என்ன விலை என்பவற்றையே முதலில் விசாரிக்க வேண்டும். பத்து வீட்டார் சேர்ந்து ஓராண்டிற்குப் பேசி முடித்தல் நலம். கிராம அதிகாரிகள் இதற்கு முன்னிற்கலாம். வெறுந்தோலையே இட்டு எரிக்கலாமென விற்பவர் சொன்னால் நம்பற்க; அது இலேசானதால் விரைவில் எரிந்து புகையும். நெல் உமிக் குச்சியில் சாம்பல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காதலின் அடிக்கடி வழித்தெடுக்க நேரும். விசிறியையும் பேட்டரியையும் தனியே மாற்றக்கூடிய அடுப்பையே தெரிந்தெடுக்க.

ஈரம் பட்ட குச்சி உப்பி உதிர்ந்துவிடும். ஐப்பசிக்கு முன்பே மூடியுள்ள பீப்பாயில் சேமித்தல் வேண்டும். புகையில்லை என்றெண்ணிச் சன்னலடைத்த அறையில் இவ்வடுப்பை எரித்தலும் கூடாது.