ஆற்றிற் கலந்த நஞ்சு

ஆறு ஓடிக்கொண்டேயிருப்பது, ஆதலால் அதில் விழும் அழுக்கும் கடலைச் சேர்ந்து மறைந்துவிடும் என்பது மக்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் எண்ணம். அழுகி மட்கும் பொருள்களுக்கு இவ்வெண்ணம் ஓரளவு பொருந்தும். பூச்சிகொல்லி நஞ்சுகளுக்கோ அது பெரும் பிழையாகும். அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்திற் பாயும் ஜேம்ஸ் ஆற்றின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

அவ்வாற்றங்கரையிலுள்ள ஹோப்வெல் நகரில், முன்னர் பெற்றோல் நிலையமாயிருந்த கட்டிடமொன்றில், 1974 ஆம் ஆண்டு ஒரு சிறு தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. 'கீப்போன்' என்னும் பூச்சிகொல்லியே அங்கு ஆக்கப்பட்டது. தக்க காப்பின்றி அதனைக் கையாண்ட தொழிலாளருக்குக் கைகள் நடுங்கின. கண்கள் ஓரிடத்தில் நிலைகொள்ளாது அலைந்தன. 1975 இல் ஒரு தொழிலாளியின் குருதியைச் சோதித்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. அவ்வாண்டு யூலை மாதத்தில் தொழிற்சாலை மூடப்பட்டது.

ஆயினும், நஞ்சு ஏலவே ஆற்றையடைந்திருந்தது. கழிவுநீர் நிலையத்திலே அழுக்கைச் சிதைக்கும் நுண்ணுயிர்களையும் அது கொன்றிருந்தது. அவ்வாண்டு திசெம்பரில், ஏறத்தாழ 100 மைல் நீளத்துக்கு மீன்பிடி தடைசெய்யப்பட்டது. சிறிது சிறிதாகத் தளர்த்தப்பட்ட அத்தடை முற்றாக நீங்கியது 1988 இலேயாம். தொழிற்சாலை இயங்கியதோ ஏறக்குறைய 16 மாதம். ஆற்றை நம்பி வாழ்ந்தோர் துன்புற்றதோ 13 ஆண்டு!

இதன் காரணம் யாது? இந்நஞ்சு நீரிற் கரைந்து ஓடிவிடுவதன்று. சேற்றோடு ஒட்டி ஆற்றடியிற் படிவது. அங்குள்ள சிற்றுயிர்களின் உடலில் அது சேரும். அவற்றை உண்ணும் மீனில் மேலும் திரளும். மீனை உண்ணும் பறவையையும் மனிதனையும் வந்தடையும். இந்நஞ்சை முன்னர் ஆக்கிவந்த பெருநிறுவனத்துக்கு 1976 இல் நீதிமன்றம் 1 கோடியே 32 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது. தண்டத்தை இறுக்கலாம், ஆற்றடிச் சேறு முழுவதையும் அள்ளிக் கழுவுதல் கைகூடவில்லை. ஆண்டுதோறும் படிந்த புதுவண்டலே நஞ்சை மூடிற்று. அது அழியவில்லை, புதையுண்டது.

இந்நஞ்சே மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் வாழைத்தோட்டங்களில் 1993 வரை இடப்பட்டது. அங்கே மண்ணிலும் நீரிலும் மக்கள் குருதியிலும் அது இன்றும் காணப்படுகின்றது. 2009 இல் உலகளாவிய ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் அது சேர்க்கப்பட்டது.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றில்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே பாய்வது. எனவே இது பிறநாட்டார் கவலை என்று நாம் வாளாவிருத்தலாமோ? நமக்கு ஆறு நிலத்தின் கீழே உள்ளது. சுண்ணக்கற் பிளவுகளினூடே விரைந்திறங்கும் மழைநீரே நமது கிணறுகளை நிரப்புகின்றது. தோட்டத்தில் நாம் தெளிக்கும் மருந்தும், கிணற்றடியிற் கழுவும் தெளிகருவியின் மிச்சமும் அந்நீரோடு செல்லக்கூடும். அளவறிந்து தெளித்தலும், வெற்றுப்போத்தலைக் கிணற்றண்டை வீசாமையும், கருவியை நீர்நிலைக்கு அப்பாற் கழுவுதலும் சிறு செயல்களே. நஞ்சை விடுதல் எளிது. விட்டதைத் திரும்பப் பெறுதல் அரிது. இக்கல்லூரிக் கிணற்றில் அள்ளிக் குடித்து வளர்ந்த நாம், நம் பிள்ளைகளுக்கும் அத்தூய நீரை விட்டுச்செல்லக் கடப்பாடுடையோம்.