பூட்டிய கதவும் 30 அங்குல இரும்பும்

நியூயார்க்கின் பழைய அடுக்குமாடி வீடுகளில் பல கதவுகள் திருடனை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. இரும்புக் கதவு, இரும்பு நிலை, இரண்டு மூன்று பூட்டு. சில வீடுகளில் ‘ஃபாக்ஸ் லாக்’ என்ற ஒன்றும் உண்டு. கதவின் நடுவிலிருந்து இரண்டு இரும்புப் பட்டைகள் உட்புறமாக இரு பக்கமும் நீண்டு பிடித்துக்கொள்ளும். இன்னொரு வகையில், தரையில் ஊன்றிய கம்பி உள்ளிருந்து கதவுக்கு முட்டுக் கொடுத்து நிற்கும். திருட்டு பயத்தில் வாழ்ந்த குடும்பங்களை நிம்மதியாகத் தூங்கவைத்த ஏற்பாடுகள் இவை. உள்ளே தீப்பிடித்து ஆள் மயங்கிக் கிடந்தால், இவற்றையெல்லாம் மீறித்தான் தீயணைப்பு வீரர்கள் அவரிடம் போய்ச் சேர வேண்டும்.

அதற்காக ஒவ்வொரு ஏணிப் படையிலும் ஒருவர் இரண்டு கருவிகளைச் சுமந்து வருகிறார். ஒன்று, பின்பக்கம் தட்டையாக இருக்கும் கோடாலி. மற்றொன்று ஹாலிகன் பார்.

இந்த ஹாலிகன் ஒரு மனிதரின் பெயர். ஹியூ ஹாலிகன் நியூயார்க் தீயணைப்புத் துறையில் உயர் பதவி வகித்த அதிகாரி. அவருக்கு முந்தைய தலைமுறை வீரர்கள் ‘கிளா டூல்’ என்ற கனத்த இரும்பைத் தூக்கித் திரிந்தார்கள். அதன் கொக்கி தண்டுக்கு நேராக இல்லாமல் ஒரு பக்கமாக விலகியிருந்ததால், ஓங்கி அடிக்கும்போது சறுக்கும். பிறகு கேப்டன் ஜான் கெல்லி, கொக்கியை நீக்கிவிட்டு வாய்ச்சி போன்ற அலகு வைத்த ஒரு கருவியைச் செய்தார். அது நல்ல கருவிதான். ஆனாலும் எல்லா வேலைக்கும் அது ஒன்று போதவில்லை. 1948இல் ஹாலிகன் இரண்டின் குணங்களையும் ஒன்றாக்கினார். தண்டின் ஒரு முனையில் கவை, மறுமுனையில் வாய்ச்சி அலகும் கூர்முனையும். சுமார் 30 அங்குல நீளம், ஏறக்குறைய 4 கிலோ எடை. முதலில் இதை மொத்தமாக வாங்கி, தன் படைப் பிரிவு ஒவ்வொன்றுக்கும் கொடுத்த பெருநகரம் பாஸ்டன். ஹாலிகன் பணியாற்றிய நியூயார்க் துறையோ, தன் அதிகாரியின் கருவியைத் தானே வாங்குவது முறையல்ல என்று ஒதுங்கிக்கொண்டது. அந்த நகரத்தின் வீரர்கள் கைக்காசு போட்டு வாங்கினார்கள். ஒரு கருவிக்கு இதைவிடச் சிறந்த நற்சான்று கிடையாது.

நியூயார்க் வீரர்களுக்குப் பயிற்சி தரும் கழகம் ராண்டால்ஸ் தீவில் இருக்கிறது. ‘தி ராக்’ என்பது அதன் செல்லப்பெயர். கதவுப் பாடத்தில் முதலில் சொல்லித் தருவது, கைப்பிடியைத் திருகிப் பார்ப்பது. பூட்டாத கதவை உடைப்பது நேரத்தை வீணாக்கும். அதைவிட முக்கியம், பிறகு மூட முடியாத கதவு ஒன்று மிஞ்சும்.

பூட்டியிருந்தால் வேலை இருவருடையது. கதவு உள்நோக்கித் திறப்பது என்று வைத்துக்கொள்வோம். ஹாலிகன் பிடித்திருப்பவர், பூட்டுக்குச் சற்று மேலேயோ கீழேயோ, கதவுக்கும் நிலைக்கும் இடையில் வாய்ச்சி அலகை நுழைத்துத் தண்டை அழுத்துகிறார். மெல்லிய இடைவெளி பிறக்கிறது. அது மூடிக்கொள்ளாமல் இருக்கக் கூட்டாளி கோடாலி அலகை அதில் ஆப்பாகச் செருகுகிறார். அடுத்து கவையின் முறை. கவையை இடைவெளியில் வைத்து, ‘ஹிட்’ என்று குரல் கொடுத்தால் கோடாலியின் தட்டைப் பக்கத்தால் ஓர் அடி. மறுபடி ‘ஹிட்’, மறுபடி ஓர் அடி. கவை உள்ளே இறங்க இறங்கத் தண்டைக் கதவைவிட்டு மெல்ல விலக்கிக்கொண்டே வர வேண்டும். விலக்காவிட்டால் கவை கதவின் விளிம்பைச் சுற்றிப் போகாமல் நிலையில் குத்திக்கொண்டு நின்றுவிடும். எல்லாப் பிழைகளும் நடக்கிற இடம் இதுதான். கவை போதிய ஆழம் இறங்கியதும் ‘ஸ்டாப்’. பிறகு தண்டைக் கதவை நோக்கித் தள்ளினால் பூட்டு விட்டுக்கொடுக்கும். அப்போது வேலை செய்வது தண்டின் நீளம். உடல் வலிமை அங்கே இரண்டாம்பட்சம். ஒல்லியான பயிற்சியாளர் சத்தமில்லாமல் திறந்த கதவோடு பலசாலி ஒருவர் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது இதனால்தான்.

வெளிநோக்கித் திறக்கும் கதவென்றால் கவைக்குப் பதில் வாய்ச்சி அலகை அடித்து இறக்கி, கதவை வெளிப்பக்கமாக நெம்புவார்கள்.

உண்மையான தீயில் புகை கண்ணை மறைத்துவிடும். அதனால் முகமூடிக் கண்ணாடியை மறைத்துக்கொண்டும் இதே பயிற்சியைச் செய்கிறார்கள். கூட்டாளியின் விரல்கள் எங்கே இருக்கின்றன என்று கோடாலி பிடித்தவருக்குத் தெரியாது. குரல் வராமல் அடிக்கக் கூடாது என்ற விதி அந்த விரல்களைக் காப்பாற்றுகிறது. பலர் தங்கள் ஹாலிகன் கவையில் அரத்தால் கோடு கீறி வைத்திருப்பார்கள். கவை எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும்.

கதவு திறந்ததோடு பாடம் முடிந்தது என்றுதான் நெடுங்காலம் பலரும் எண்ணியிருந்தார்கள். 2012இல் நியூயார்க் துறை, யூஎல், நிஸ்ட் ஆகிய ஆய்வு அமைப்புகளோடு சேர்ந்து, கவர்னர்ஸ் தீவில் ஆளில்லாத வீடுகளில் தீ மூட்டி அளந்து பார்த்தது. இன்றைய சோஃபாவும் மெத்தையும் மூடிய அறையின் காற்றை வேகமாகத் தின்றுவிடும். காற்றில்லாமல் தீ தணிந்து கிடக்கும். அந்த நேரத்தில் வாசல் கதவு திறந்தால் புதுக்காற்று புகுந்து வெப்பம் மளமளவென ஏறுகிறது. வீரர் திறக்கிற கதவும் தீக்குக் காற்றுதான்.

2022 ஜனவரி 9 அன்று பிராங்க்ஸ் பகுதியின் 19 மாடிக் கட்டடத்தில் நடந்தது, திறந்து கிடக்கும் கதவின் ஆபத்தை எல்லோருக்கும் உணர்த்தியது. மின்சாரக் கணப்பிலிருந்து தீ கிளம்பியது. அந்த வீட்டார் தப்பி ஓடினார்கள். தானே மூடிக்கொள்ள வேண்டிய வாசல் கதவு மூடவில்லை. நெருப்பு பெரும்பாலும் அந்த வீட்டோடும் அதன் முன்கூடத்தோடும் நின்றது. புகைதான் கட்டடம் முழுக்கப் பரவி 17 பேரைக் கொன்றது. அவர்களில் 8 பேர் குழந்தைகள்.

அதனால் இன்றைய பயிற்சியில், பூட்டு தெறிக்கும்போது கதவு படீரென்று அகலத் திறந்துவிடாதபடி முன்கூட்டியே கைப்பிடியில் வார் கட்டிவிடுகிறார்கள். தண்ணீர்க் குழாய் தயாராகும்வரை ஒருவர் அந்த வாரை இழுத்துப் பிடித்துக் கதவைச் சாத்தியே வைத்திருப்பார். உள்ளே ஆள் இருப்பதாகத் தெரிந்து குழாய்க்குக் காத்திராமல் நுழைய நேர்ந்தால், நுழைந்தவர்களுக்குப் பின்னாலும் கதவு சாத்தப்படும், முழுவதும் பூட்டிக்கொள்ளாத அளவுக்கு.

(தொடரும்)