எழுகடல் தெருவில் அலையடித்த கதை

மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுர வாசலில் இறங்கி, புது மண்டபத்தைத் தாண்டி, பாதியில் நின்றுபோன ராயகோபுரத்துக்கு அந்தப் பக்கம் போனால் எழுகடல் தெரு வரும். வெளியூர்க்காரர்கள் பெயர்ப் பலகையைப் பார்த்துச் சிரிப்பார்கள். கடலைப் பார்க்க மதுரைக்காரன் தூத்துக்குடிக்கோ ராமநாதபுரத்துக்கோ பஸ் ஏற வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல். இங்கே ஒன்றல்ல, ஏழு கடல்!

பெயர் வந்த கதை திருவிளையாடல் புராணத்தில் இருக்கிறது. மீனாட்சியின் தாய் காஞ்சனமாலைக்குக் கடலாட ஆசை. மருமகன் சொக்கநாதர் மாமியாரைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகவில்லை. ஏழு கடலையும் ஊருக்குள்ளேயே ஒரு குளத்துக்கு வரவழைத்தார். கணவன் கையைப் பிடித்து நீராட வேண்டும் என்பது விதி, கணவரோ காலமாகிவிட்டார். அதனால் மலயத்துவச பாண்டியனையும் மேலுலகிலிருந்து வரவழைத்தார். அதே புராணத்தில் கடல் பொங்கி மதுரையை விழுங்க வருவதும், உக்கிர பாண்டியன் வேலெறிந்து அதை வற்றச் செய்வதும் உண்டு. இறையனார் களவியல் உரையோ, முதற்சங்கம் இருந்த பழைய மதுரையைக் கடல் கொண்டதாகவே சொல்கிறது. கடலோரத்தில் இல்லாத ஓர் ஊருக்குக் கடல்மேல் இத்தனை ஆசையும் இத்தனை பயமும் ஏன்?

புராணத்தை விட்டுக் கல்லுக்கு வருவோம். அழகர்மலைக் குகைத்தளத்தில் சமணத் துறவிகளுக்குக் கொடையளித்தவர்களின் பெயர்கள் தமிழி எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை. அவர்களில் ஒருவர் மதுரைப் பொற்கொல்லர், ஒருவர் அறுவை வணிகர், அதாவது துணி வியாபாரி. இன்னொருவர் உப்பு வணிகர். துறவிகளுக்குத் தானம் செய்யும் அளவுக்கு உப்பில் காசு பார்த்திருக்கிறார் மனிதர். மதுரை மண்ணில் உப்பு விளையாது. கீழைக்கடற்கரை அளங்களிலிருந்து வண்டி கட்டி வந்த சரக்கு அது. காஞ்சனமாலைக்கு வந்த கடலைவிட, இந்த வண்டிகளில் வந்த கடல்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

உப்புக்குப் பக்கத்தில் முத்து. தாமிரபரணி முகத்தில் இருந்த கொற்கை, பாண்டியரின் துறைமுகம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பு, அங்கே தண்டனை பெற்ற கைதிகளை இறக்கி முத்துக் குளிக்க வைத்தார்கள் என்கிறது. அடுத்த நூற்றாண்டில் தாலமி, மதுரையைப் பாண்டியரின் தலைநகரமாகத் தன் நூலில் குறித்துக்கொண்டார். வைகையின் முகத்துவாரத்தை ஒட்டிய அழகன்குளத்தில் 1980-களிலிருந்து நடந்த அகழாய்வுகளில் ரோமக் காசுகளும், மதுச்சாடித் துண்டுகளும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடு ஒன்றும் கிடைத்தன. மதுரையில் வைகை மணலிலேயே ரோமச் செப்புக்காசுகள் கிடைத்திருக்கின்றன. எந்தக் கப்பலும் ஏறி வர முடியாத ஆற்றில், கப்பலில் வந்த காசு!

பதின்மூன்றாம் நூற்றாண்டில் முத்தை விற்றுக் குதிரை வாங்கினார்கள். காயல் துறையைப் பார்த்த மார்க்கோ போலோ, அரபுக் கரையிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் இறங்கியதையும், பெரும்பாலானவை பிழைக்காததையும் எழுதியிருக்கிறார். சோற்றோடு இறைச்சியைச் சேர்த்து வேகவைத்துக் குதிரைக்குப் போட்டார்களாம். குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வணிகர்கள் இந்தப் பக்கம் வரவே விடவில்லையாம். செத்தால்தானே அடுத்த கப்பல் குதிரை விலைபோகும். இன்றைய சில வண்டிக் கம்பெனிகளின் சர்வீஸ் சென்டர்கள் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.

துறைமுகங்கள் நிலைக்கவில்லை. தாமிரபரணி வண்டல் தள்ளத் தள்ள, கொற்கை கடலைவிட்டு உள்ளே போய்விட்டது. இன்று அது வயலும் குளமுமான கிராமம். பிறகு காயல், பிறகு தூத்துக்குடி. போர்த்துக்கீசியர் வந்தார்கள், 1658-இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். 1870-களின் நடுவில் மதுரை வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் ஓடியது. வாசல்கள் இப்படி மாறிக்கொண்டே இருக்க, வீடான மதுரை மட்டும் இடம் மாறவில்லை.

அதற்குக் காரணம் நிலத்தின் சாய்வு. மதுரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரம். வைகை இங்கிருந்து கடலோரம் போய்ச் சேர நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுகூடத் தேறாது. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சாய்வைத்தான் நம் ஆட்கள் கண்மாயாக்கினார்கள். குறுக்கே கரை போட்டால் தண்ணீர் நிற்கும். மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்குப் போகும். ஆறு கொண்டுவருவதையும் கால்வாய் வெட்டி இந்தச் சங்கிலிக்குள் திருப்பினார்கள். வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் வரும் வைகையில் கடலுக்கு மிஞ்சுவது சொற்பம். மிச்சமிருப்பதை ராமநாதபுரம் பெரிய கண்மாய் வாங்கிக்கொள்ளும். சிவனுக்கு நஞ்சு கொடுத்த கடலைத் தொட வைகைக்கு மனமில்லை என்று புலவர்கள் காரணம் கண்டார்கள். சம்சாரியிடம் கேட்டால் வேறு காரணம் சொல்வார்: வயல் குடித்துவிட்டது.

குடிக்கத் தண்ணீர் இல்லாத காலமும் வந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சம் இந்தச் சமவெளியைச் சூறையாடியது. அதற்குப் பிறகுதான், பல காலம் பேச்சாகவே கிடந்த பெரியாறு திட்டத்துக்கு வேகம் பிடித்தது. பென்னி குயிக் கட்டிய அணை 1895-இல் திறக்கப்பட்டது. மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய பெரியாற்றுத் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி வைகையில் இறங்கி, பேரணையில் கால்வாய்க்குப் பிரிந்து மேலூர் வரை பாய்ந்தது. சொக்கநாதர் ஏழு கடலை அழைத்தார் என்றால், இது கடலுக்குப் போன தண்ணீரையே வழிமறித்துத் திருப்பிக் கொண்டுவந்த வேலை. கம்பம் பள்ளத்தாக்கில் பென்னி குயிக் படத்துக்குப் பொங்கல் வைப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அந்தத் தண்ணீர் வந்து நிற்கும் இடங்களைத்தான் நகரம் தின்றுவிட்டது. தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்தில் மாநகராட்சி அலுவலகம். உலகனேரிக் கண்மாயில் 2004-இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கிளை. நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகளை அந்தக் கட்டடத்தில்தான் விசாரிக்கிறார்கள்.

ஏழு கடலும் வந்து தங்கிய குளமும் இன்று இல்லை. அந்த இடத்தில் கடைகள் இருக்கின்றன. கோடை மழை ஒரு மணி நேரம் அடித்து ஊற்றினால், தண்ணீர் தெருவுக்கு வந்து, பழைய இடத்தைத் தேடிக்கொண்டு நிற்கும்.